விமானத்தோடு பந்தயம் கட்டிய லிஃப்ட்காரர்

அந்த மனுஷனுக்குப் பயணம் என்றாலே ஆகாது. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் மூன்றாவது நிறுத்தத்துக்குள் முகம் வெளிறி, கைக்குட்டை வாய்க்குப் போய்விடும். ரயிலும் அப்படித்தான். அவருடைய கல்யாணமே அறுபது கிலோமீட்டர் தள்ளிப் பெண்ணின் ஊரில் நடந்தது. போகும் வழியில் நான்கு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். கல்யாணப் படத்தைப் பார்த்தால் மாப்பிள்ளையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியது போலத்தான் இருக்கும். அதற்குப் பிறகு அந்த அறுபதைத் தாண்டி ஒரு கிலோமீட்டர்கூட அவர் போனதில்லை.

ஆனால் மேலே போவதும் கீழே வருவதும் அவரை ஒன்றும் செய்யாது. அதுதான் அவர் பிழைப்பே. ஆறு மாடி அரசு அலுவலகம் ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் ஓட்டுகிறார். தரையிலிருந்து உச்சிக்கு இருபது மீட்டர். நாளைக்கு நூற்றிருபது தடவை ஏறி இறங்கினால் நான்கே முக்கால் கிலோமீட்டருக்கு மேலே. இதை வருஷத்தால் பெருக்கி, விடுமுறை நாட்களைக் கழித்து, லிஃப்டுக்குள்ளேயே நின்று அவர் கண்டுபிடித்த விடை இருபத்தாறாயிரத்து நானூறு கிலோமீட்டர். "பூமியை ஒரு சுத்து சுத்தி வர இன்னும் பதிமூவாயிரத்து அறுநூறு பாக்கி, சார்" என்பார் மூன்றாம் மாடி அதிகாரியிடம். அதிகாரி சிரிப்பார். இவர் சிரிக்க மாட்டார். நிஜமாகவே பாக்கி இருக்கிறது என்ற நினைப்பு அவருக்கு.

சும்மா சொல்லக்கூடாது, அந்த எட்டுப் பேர் நிற்கிற இரும்புப் பெட்டிக்குள் அவர் ராஜா. வெளியே யாரைப் பார்த்தாலும் குனிந்து ஒதுங்குகிற ஆள், உள்ளே கதவை மூடும்போது வேறு ஒரு குரலில் பேசுவார். ஒன்பதாவது ஆள் கால் வைத்தால் போதும். "எடை அதிகம். கடைசியா ஏறினவங்க இறங்குங்க." அவ்வளவுதான். அது பியூனாக இருந்தாலும் சரி, ஆறாம் மாடியில் உட்கார்ந்து எல்லோரையும் ஆட்டிப் படைக்கிற இயக்குநராக இருந்தாலும் சரி, மறுபேச்சில்லாமல் இறங்கிவிடுவார்கள். அந்தக் குரலை வீட்டில் ஒரு நாளாவது எடுத்திருப்பாரா? எடுத்தால் அந்த அம்மா விடுவாளா?

புறா அவரிடம் வந்து சேர்ந்ததும் லிஃப்டால்தான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் இருக்கிற அறைக்கு எண்ணெய் போடப் போனவர், மூலையில் ஒரு புறா குறுகிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். காலில் ஒரு வளையம். வளையத்தில் எண்கள், எங்கோ இருக்கிற ஓர் ஊரின் புறாப் பந்தய மன்றத்து முத்திரை. நான்கு நாள் தண்ணீரும் சோளமும் கொடுத்தார். ஐந்தாம் நாள் அது எழுந்து, தலைக்கு மேல் இரண்டு வட்டம் போட்டுவிட்டு, கிழக்கே நேராகக் கோடு போட்டது போலப் போயே போய்விட்டது. மேப் இல்லை, டிக்கெட் இல்லை, வழி கேட்க ஆளில்லை. மனுஷன் அப்படியே வாயைப் பிளந்துகொண்டு நின்றார். கீழே மணி அடித்து அடித்து ஆறு மாடியும் அவரைத் திட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்றுவரை விடவில்லை. பந்தயப் புறா ஒரு ஜோடி வாங்கினார். ஜோடி ஆறானது, ஆறு பதினெட்டானது. இப்போது அவர் வீட்டு மாடியில் முப்பத்திரண்டு இருக்கின்றன.

இந்த முப்பத்திரண்டுக்கும் கீழே, ஒரே கூடத்தில், அவர் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இரண்டு மெஷின். ஒன்று தைக்கிறது, ஒன்று ஓரம் அடிக்கிறது. இரண்டும் கூடத்தில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே. துணி வெட்ட வேண்டுமென்றால் கட்டில் மேல் பலகையைப் போட்டு வெட்ட வேண்டும். யாருக்காவது தூக்கம் வந்தால் பலகையை எடுக்க வேண்டும். சாப்பாட்டில் நூல், தலையணையில் குண்டூசி, சமையலறையில் நின்றுகொண்டு அளவு கொடுக்கிற பிள்ளைகள். மாடியில் ஒரு அறை கட்டிக் கொடுங்கள் என்று அவள் கேட்க ஆரம்பித்து எட்டு வருஷம். ஒவ்வொரு தடவையும் "பாக்கலாம்" என்பார். பார்ப்பார். பார்த்துவிட்டு மாடிக்குப் போய்க் கூட்டில் இன்னும் ஒரு வரிசை பெட்டி அடிப்பார். அவளும் கேட்டுக் கேட்டு அலுத்து, புறாக்களைப் பார்த்து "என் சக்களத்திங்க முப்பத்திரண்டு பேர்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்புதான். ஆனால் சிரித்து முடித்ததும் முகம் சட்டென்று தொங்கிப் போகும்.

பந்தயம் வந்தது அவளுடைய தம்பியால். தரைக்கு ஒட்டுகிற டைல்ஸ் விற்கிற கம்பெனியில் அவன் பெரிய ஆள். மாதத்துக்கு நான்கு தடவை விமானம். விமானத்தில் போகிறவர்களில் இரண்டு வகை. போய்விட்டுச் சும்மா வருகிறவர்கள் ஒரு வகை. இவன் இன்னொரு வகை. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்து, கட்டிலில் பலகைக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தான்.

"அக்கா, அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் எவ்வளவு நேரம்ங்கிற? ஒரு மணி அஞ்சு நிமிஷம். காப்பி கொடுப்பாங்க, குடிச்சு முடிக்கறதுக்குள்ள பெல்ட்டைப் போடுன்னுடுவாங்க."

லிஃப்ட்காரர் பல் குத்திக்கொண்டிருந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். விதி யாரை விட்டது?

"எங்க இருந்து எங்க மாப்ள?"

"என்ன மாமா, அந்த ஊர்ல இருந்து இந்த ஊருக்கு."

"ஏர்போர்ட்ல இருந்து ஏர்போர்ட்டுக்கு. நீ ஏர்போர்ட்லயா குடியிருக்க? தூரம்னா வாசல்ல இருந்து வாசலுக்குடா. நீ அங்க ரூமை விட்டுக் கிளம்பறது எப்ப? போய்ச் சேர ஒரு மணி. ரெண்டு மணி நேரம் முன்னாடி வான்னு சொல்லுவான். பெல்ட்டைக் கழட்டு, ஷூவைக் கழட்டு. இறங்கினா பெட்டி வராது. பெட்டி வந்தா டாக்ஸி வராது. அஞ்சு மணி நேரத்துக்குக் குறைஞ்சு நீ இந்த வாசல்ல கால் வைக்கறதில்ல. அதுக்கு என் புறாவே வந்துடும்."

கடைசி வாக்கியம் தானாக வந்து விழுந்தது. விழுந்த பிறகு அள்ள முடியுமா? மச்சினன் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்துவிட்டான்.

"வருமா?"

"வரும்."

"அடுத்த சனிக்கிழமை நான் அங்க இருந்துதான் வரேன். ஏழு மணிக்கு ரூமை விட்டுக் கிளம்பறேன். அதே ஏழு மணிக்கு உங்க புறாவை நானே விடறேன். யார் முதல்ல வீட்டுக்கு வராங்கன்னு பாத்துடலாம். நான் முதல்ல வந்தா, மாடியில அந்தக் கூட்டைப் பிரிச்சுட்டு அக்காவுக்கு ரூம் கட்டறீங்க. தரைக்கு டைல்ஸ் நான் தரேன்."

மெஷின் சத்தம் நின்றது. அவள் திரும்பவில்லை. ஊசியில் நூல் கோப்பது போலக் குனிந்திருந்தாள். ஆனால் நூல் ஏற்கனவே கோத்துத்தான் இருந்தது. லிஃப்ட்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

"புறா முதல்ல வந்தா?" என்று கேட்டார்.

"அக்கா இனிமே அந்த ரூம் பேச்சையே எடுக்க மாட்டா. என்னக்கா?"

அவள் மெஷினை விட்டுத் திரும்பினாள். பிறகு, "சரி. ஆனா வந்துட்டேன், வந்துட்டேன்னு ரெண்டு பேரும் அப்புறம் என்கிட்ட சண்டைக்கு வரக் கூடாது. நான்தான் தீர்ப்பு. நீ வாசற்படியைத் தாண்டிக் கால் வச்சாத்தான் வந்த மாதிரி. புறா கூட்டுக்குள்ள போனாத்தான் வந்த மாதிரி" என்றாள். வழக்காடுகிறவளே நீதிபதி. உலகத்தில் எங்காவது கேட்டதுண்டா? இருந்தாலும் இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அந்த வீட்டில் அவள் சொன்னால் அப்படித்தான்.

மறுநாள் லிஃப்டில் நிலஅளவைப் பிரிவு வரைவாளரைப் பிடித்துக்கொண்டார். வரைவாளர் நான்காம் மாடியில் பெரிய வரைபடத்தை விரித்து, இரண்டு ஊருக்கும் நடுவில் அடிக்கோலை வைத்துப் பார்த்தார். சாலையில் நானூற்று எழுபது கிலோமீட்டர். நேர்கோட்டில் முன்னூற்றுத் தொண்ணூறு. "எண்பது கிலோமீட்டர் ரோடு சும்மா வளைஞ்சு வளைஞ்சே வீணாப் போகுது பாத்தீங்களா" என்று லிஃப்ட்காரர் சாலை போட்டவன்மேல் கோபப்பட்டார். காற்று பின்னாலிருந்து தள்ளினால் புறா மணிக்கு எழுபது. ஐந்தரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. பன்னிரண்டு முப்பத்துநான்கு. மச்சினனின் விமானம் ஒன்பது நாற்பது. சொன்ன நேரத்துக்குக் கிளம்பி, சொன்ன நேரத்துக்கு இறங்கினால் பன்னிரண்டு மணிக்கு வீடு. கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். முப்பத்துநான்கு நிமிஷம் புறா பின்னால்! விமானம் தாமதமாக வேண்டும். தாமதமாகும் என்று அவர் நம்பினார். அவரைக் காப்பாற்ற விமானக் கம்பெனிக்காரர்கள்தான் இனி.

அனுப்ப வேண்டிய பறவையைப் பற்றி அவருக்குச் சந்தேகமே இல்லை. சாம்பல் நிறப் பெட்டை. பெயர் மேடம். இரண்டாம் மாடிக் கண்காணிப்பாளர் அம்மா கழுத்தை நிமிர்த்தி யாரையும் பார்க்காமல் நடப்பார், அதே நடை இதற்கும். அதைவிட முக்கியம், மேடம் முட்டைமேல் உட்கார்ந்து அந்தச் சனிக்கிழமையோடு ஒன்பது நாள் ஆகும். முட்டையை விட்டுவிட்டு வந்த பெட்டை வழியில் எங்கும் நின்று வேடிக்கை பார்க்காது. இது புறாக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மூங்கில் கூடையில் மேடத்தை வைத்து, தெரிந்த கண்டக்டர் ஒருவரின் பஸ்ஸில் மச்சினனுக்கு அனுப்பிவிட்டார். பஸ் நகர்ந்ததைப் பார்த்தே அவருக்குக் குமட்டியது. வீட்டுக்கு வந்து கூட்டைப் பார்த்தார். ஆண் புறா முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். கூட்டைப் பிரித்தால் முப்பத்திரண்டும் எங்கே போகும்? இருபது வருஷம் காலையில் எழுந்ததும் முதலில் பார்த்த முகம் அவற்றுடையது. பெண்டாட்டி முகம் இரண்டாவது. அதைச் சொன்னால் அவள் கொன்றே போடுவாள்.

இப்போது அவர் செய்த முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். பந்தயப் புறா வைத்திருக்கிறவனுக்கு ஒரு பாலபாடம் உண்டு. புறா வந்து சேருகிற நேரத்தில் மாடியில் ஒரு ஆள், ஒரே ஆள்தான் நிற்க வேண்டும். அதுவும் பழகின சட்டையில். தெரியாத முகம் ஒன்று இருந்தாலும் அது இறங்காது. இவருக்கு அது தெரியாதா? ஊருக்கே சொல்லிக் கொடுப்பவர். ஆனால் அந்த வாரம் முழுக்க லிஃப்டில் ஏறினவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். "சனிக்கிழமை விமானத்துக்கும் என் புறாவுக்கும் பந்தயம், சார்." இரண்டாம் மாடி, நான்காம் மாடி, ஆறாம் மாடி. எல்லோரும் "அப்படியா! வந்து பாக்கறோம்" என்றார்கள். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்து, இவரும் "வாங்க வாங்க" என்றார். வாயெல்லாம் பல்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மச்சினனிடமிருந்து போன்.

"மாமா, ஓட்டல் மாடியில நிக்கறேன். எப்படித் திறக்கறது?"

"மூடியைத் தூக்கிட்டுத் தள்ளி நில்லு. கையால பிடிக்காத."

"பிடிச்சுட்டேனே!"

ஒரு சத்தம். சிறகடிப்பு. பிறகு மச்சினன் சொன்ன சில வார்த்தைகள், அவற்றை இங்கே எழுத வேண்டாம்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு. சட்டை பூராவும் அசிங்கம் பண்ணிட்டுப் போயிடுச்சு. மாத்திட்டுத்தான் கிளம்பணும்!"

லிஃப்ட்காரர் மனசுக்குள் மேடத்துக்கு ஒரு கும்பிடு போட்டார். சட்டை மாற்றப் பன்னிரண்டு நிமிஷம்!

கல்லூரி விடுதியில் இருக்கிற மகள் செல்போனில் விமானத்தைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது நாற்பதுக்குக் கூப்பிட்டாள். "அப்பா, இன்னும் கிளம்பல." ஒன்பது ஐம்பத்தைந்து. "இன்னும் நிக்குது." பத்தேகாலுக்கு, "கிளம்பிடுச்சுப்பா. ஆனா நான் யார் பக்கம்னு கேக்காதீங்க. அம்மாவுக்கும் இதே நேரத்தைத்தான் சொல்லிட்டிருக்கேன்" என்றாள். முப்பத்தைந்து நிமிஷத் தாமதம். கணக்கு அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. மனுஷன் மாடியில் தனியாக ஒரு குதி குதித்தார். கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாளைவிட வேகமாக ஓடியது போலத் தோன்றியது.

பதினொன்றரை மணிக்கு வெளிப்படிக்கட்டில் காலடிச் சத்தம். இரண்டாம் மாடிக் கண்காணிப்பாளர், கூடவே தங்கை. அடுத்து வரைவாளர், வீட்டுக்காரம்மாவுடன். மூன்றாம் மாடி அதிகாரி, சிவப்புக் குடையுடன். அவருக்குப் பின்னால் பியூன்கள் இரண்டு பேர், பக்கத்துத் தெரு இஸ்திரிக் கடைக்காரர், டீக்கடைக்காரர் கெட்டிலோடு. கடைசியாக, அடேயப்பா, ஆறாம் மாடி இயக்குநர். கழுத்தில் தொலைநோக்கி! மொத்தம் பத்தொன்பது பேர். லிஃப்ட்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "வாங்க சார், உக்காருங்க சார்" என்று சொல்லிக்கொண்டே அழாத குறையாக நின்றார். விடுமுறை நாளில் தன் வீட்டு மாடி ஏறி வந்திருக்கிற இயக்குநரைப் பார்த்து, போங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

பன்னிரண்டு முப்பத்தொன்று. வானத்தில் ஒரு புள்ளி. புள்ளிக்குச் சிறகு முளைத்தது. ஐந்து மணி முப்பத்தொரு நிமிஷம், முன்னூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர், ஒரு கைப்பிடிப் பறவை!

"அதோ!" என்று கத்தினார் இயக்குநர். பத்தொன்பது பேரும் எழுந்து கைதட்டினார்கள். சிவப்புக் குடை விரிந்தது. கூட்டை நோக்கிச் சரிந்து வந்துகொண்டிருந்த மேடம் நடுவானத்தில் பிரேக் போட்டு, திரும்பி, தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது.

இருபதடி தூரம். கூட்டின் கம்பிக்கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே முட்டை. மேடம் கழுத்தை நீட்டிப் பத்தொன்பது முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. யாரையும் அதற்குப் பிடிக்கவில்லை. லிஃப்ட்காரர் தகர டப்பாவில் சோளத்தைக் குலுக்கினார். "வாடா கண்ணு, வா வா வா." எல்லோரும் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு "வா வா வா" என்றார்கள். மேடம் இன்னும் ஓரடி பின்னால் போனது.

பன்னிரண்டு முப்பத்தெட்டு. பன்னிரண்டு நாற்பது. மகள் போன். "அப்பா, மாமா டாக்ஸி நம்ம தெருவுக்கு வந்துடுச்சாம்!" தெருவில் ஹாரன் கேட்டது. கார் கதவு சாத்துகிற சத்தமும் கேட்டது.

ஜெயித்த பந்தயம் கண்ணெதிரே கைநழுவிப் போகிறது, அதுவும் தன் வாயால். முப்பத்திரண்டு பேரும் தெருவுக்கு வரப்போகிறார்கள். அப்போதுதான், யோசித்தெல்லாம் இல்லை, இருபத்திரண்டு வருஷப் பழக்கம், லிஃப்டுக்குள் பேசுகிற அந்தக் குரல் தானாக வெளியே வந்தது.

"எடை அதிகம்! கடைசியா ஏறினவங்கள்ல இருந்து எல்லாரும் இறங்குங்க! கீழே போகுது, கீழே!"

முதலில் திரும்பியவர் இயக்குநர். கடைசியாக ஏறியவர் அவர்தானே. மறுபேச்சில்லை. தொலைநோக்கியைப் பிடித்துக்கொண்டு படியில் கால் வைத்தார். அவருக்குப் பின்னால் கண்காணிப்பாளர், குடை, கெட்டில், எல்லாம் வரிசையாக, ஒருவர் தோளை ஒருவர் இடிக்காமல், லிஃப்டிலிருந்து இறங்குவது போலவே இறங்கினார்கள். அலுவலகத்துக்குச் சம்பந்தமே இல்லாத இஸ்திரிக் கடைக்காரரும்கூட இறங்கினார். இரண்டு நிமிஷத்தில் மாடி காலி.

ஆனால் மேடம் உடனே வரவில்லை. அது மேடம் அல்லவா! சிறகைக் கோதியது. சுற்றிப் பார்த்தது. லிஃப்ட்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றார். டப்பாவை ஒரே ஒரு தடவை குலுக்கினார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். இந்நேரம் மச்சினன் வாசற்படி தாண்டி, செருப்பைக் கழற்றி, கட்டிலில் சாய்ந்திருப்பான். போச்சு, எல்லாம் போச்சு. அப்போது தொட்டியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ சரிந்தது. கம்பிக்கதவு கிளிக்கென்று ஆடியது. ஆண் புறா எழுந்து இடம் விட, மேடம் முட்டைமேல் போய் உட்கார்ந்துகொண்டது, எங்கேயும் போகாதது போல. பன்னிரண்டு நாற்பத்தெட்டு.

அழுதுகொண்டே படி இறங்கினார். தோற்றுவிட்டோம் என்று தெரிந்தும் அது வந்துவிட்டதே என்று அழுதார். கீழே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மச்சினன் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் ஷூ, ஒரு கையில் டைல்ஸ் பெட்டி, முகம் மிளகாய்ச் சிவப்பு. வாசற்படிக்குக் குறுக்கே, நிலைக்கு நிலை கையை நீட்டிக்கொண்டு அவன் அக்கா. முற்றம் முழுக்க அலுவலகமே நின்று வேடிக்கை பார்த்தது.

"மாமா, இவ என்னை உள்ள விட மாட்டேங்கறா மாமா! எட்டு நிமிஷமா நிக்க வச்சிருக்கா! ஷூவைக் கழட்டுங்கறா, கழட்டினேன். சாக்ஸைக் கழட்டுங்கறா. புது சட்டை எங்க வாங்கினேங்கறா. என் மாமியாருக்கு மூட்டு வலி எப்படி இருக்குன்னு கேக்கறா, இவளுக்கும் அவங்களுக்கும் ஆகவே ஆகாது!"

அவள் தம்பியைப் பார்க்கவில்லை. கணவனைப் பார்த்துக் கேட்டாள். "உள்ள போயிடுச்சா?"

"போயிடுச்சு" என்றார். தலையையும் ஆட்டினார்.

அவள் கையை எடுத்தாள். "வாடா உள்ள. சாப்பாடு ஆறிப்போச்சு."

"இது அநியாயம்க்கா! ரூம் உனக்குத்தானே!"

"முப்பத்தொண்ணுக்கே அது வந்துடுச்சுடா. பின்கட்டுல நின்னு நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். கூட்டத்தைக் கூட்டி அதை வெளிய நிக்க வச்சது இந்த மனுஷன். அதுக்கு அது என்ன பண்ணும்? அத்தனை தூரம் சொந்த ரெக்கையில வந்திருக்கு. நீ உக்காந்துக்கிட்டு வந்தவன்தானே, கொஞ்சம் நில்லு. அது நின்னதுக்கு நீயும் நின்னாச்சு. தீர்ப்பு முடிஞ்சுது."

இயக்குநர்தான் முதலில் கைதட்டினார். பிறகு எல்லோரும். மச்சினன்கூட, திட்டிக்கொண்டே, ஷூவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்துவிட்டான். லிஃப்ட்காரர் மட்டும் சிரிக்கவில்லை. ஜெயித்தவர் முகம் அப்படியா இருக்கும்?

எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, சாயங்காலம், அவள் மெஷினில் உட்கார்ந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள், இனி அறை பற்றி வாயைத் திறக்க மாட்டாள். அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை. கட்டிலில் பலகைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு மெஷினுக்கும் சேத்து எத்தனைக்கு எத்தனை வேணும்?"

"பன்னெண்டுக்குப் பத்து." நிமிராமலே சொன்னாள். "வெட்டறதுக்கு ஒரு மேஜை போடணும்ல. ஜன்னல் வடக்குப் பக்கம். வெயில் விழுந்தா துணி வெளுத்துடும்."

"எப்ப அளந்த?"

"எட்டு வருஷமா அளந்துட்டுதான் இருக்கேன்."

இரண்டு ஊருக்கு நடுவில் இருக்கிற தூரத்தை வரைவாளரைப் பிடித்து அளந்தவர், தன் வீட்டில் இருந்த இந்தப் பன்னிரண்டடியை ஒரு தடவைகூட அவளிடம் கேட்டதில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட வருத்தம் அதிகமாக இருந்தது.

"கட்டிடலாம். கூட்டைப் பிரிச்சு, புறாவை எல்லாம் நாலு பேருக்குக் கொடுத்துடறேன்."

மெஷின் நின்றது. "கொடுத்தா போயிடுமா? மறுநாள் விடிஞ்சதும் முப்பத்திரண்டும் இங்க வந்து நிக்கும். அதுங்க வந்து வெளிய நின்னா அதை வேற நான் பாத்துட்டு உக்காந்திருக்கணுமா? ரூமைக் கட்டிட்டு, கூட்டை அதும் மேல தூக்கி வைங்க."

அவர் எழுந்தார். மெஷின் டிராயரைத் திறந்து சுண்ணக்கட்டியையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். அவளும் பின்னாலேயே வந்தாள். வடக்கு ஜன்னல் வர வேண்டிய இடத்திலிருந்து ஆரம்பித்துப் பன்னிரண்டடிக்குப் பத்தடி கோடு போட்டார். கோடு கூட்டின் நடுவே புகுந்து அந்தப் பக்கம் போனது. மேடத்தின் பெட்டி சரியாகக் கோட்டுக்கு உள்ளே இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, சுண்ணக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டு, ரொம்பத் தயங்கி, அவர் கேட்டார்:

"முட்டை பொரியற வரைக்கும் இதை நகத்தக் கூடாது. இன்னும் எட்டு நாள் இருக்கு. எட்டு நாள் பொறுத்துக்குவியா?"

அவள் அவரையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.